அரசச் சீனப் பீங்கான் ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?

கையில் ஐந்து, ஐந்தரை லட்ச ரூபாய் இருக்கிறது, அதாவது சுமார் ஆறாயிரம் டாலர். சீனப் பேரரசரின் சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டிய பீங்கான் ஒன்றையாவது சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசை. இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும், எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குவாங்ஷு பேரரசரின் காலத்தில் (1875–1908) அரண்மனைக்காகச் செய்த, உடையாத, அடியில் ஆட்சி முத்திரையுள்ள கிண்ணம் ஒன்று. சேகரிப்பாளர்கள் பலருக்கு இது பிடிக்காது. "கடைசிக் காலத்துச் சரக்கு" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால் இதுதான் தேறுகிறது.

முதலில் உச்சியில் இருப்பதைப் பார்த்துவிடலாம். வாங்குவதற்காக அல்ல, அளவுகோல் வேண்டுமே! 2014 ஏப்ரலில் ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்தில் ஷாங்காய்ப் பணக்காரர் லியு யிசியென் ஒரு சின்னக் கோப்பையை 28 கோடியே 12 லட்சம் ஹாங்காங் டாலருக்கு, அதாவது சுமார் 3.6 கோடி அமெரிக்க டாலருக்கு, எடுத்தார். கோழிக் கோப்பை என்று பெயர். எட்டு சென்டிமீட்டர் அகலம்தான். சேவல், பெட்டை, குஞ்சுகள், கொஞ்சம் பூச்செடி. மிங் வம்சத்துச் செங்குவா பேரரசரின் காலத்தில் (1465–1487) செய்தது. நீலக் கோட்டில் உருவத்தை வரைந்து, கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சுட்டு, பிறகு கோட்டுக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நிரப்பி, குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுடுவார்கள். லியு அதற்கான பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினார், அந்தக் கோப்பையிலேயே தேநீரும் ஊற்றிக் குடித்தார். சீன இணையத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. குடிக்கத்தானே கோப்பை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் கையில் இருந்திருந்தால் குடித்திருக்க மாட்டேன்.

இதே உயரத்தில் நிற்கும் இன்னொரு வகை ஃபாலாங்சாய். வெள்ளைக் கிண்ணத்தை அரசச் சூளைகள் இருந்த ஜிங்டெசென் ஊரில் சுட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பெய்ஜிங்குக்கு அனுப்பி, அரண்மனைப் பட்டறையில் பேரரசரின் கண்காணிப்பில் எனாமல் என்ற கண்ணாடி வண்ணம் தீட்டிச் சுடுவார்கள். அதன் இளஞ்சிவப்பு தங்கத்திலிருந்து வருவது. சீனாவின் கடைசி வம்சமான சிங் வம்சத்துச் சியென்லுங் பேரரசரின் காலத்து ஃபாலாங்சாய்க் கிண்ணம் ஒன்று, இரண்டு தகைவிலான் குருவிகள் பறப்பது, 2006-இல் ஹாங்காங் கிறிஸ்டீஸில் 15.13 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. வாங்கியவர் சேகரிப்பாளர் ஆலிஸ் செங். 2023-இல் அவருடைய சேகரிப்பிலிருந்து அதே கிண்ணம் 19.8 கோடிக்கு விற்றது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து கிடைத்த ஏற்றம் ஆண்டுக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. அதிலும் ஏல நிறுவனத்தின் கமிஷன் போக வேண்டும். "பீங்கான் நல்ல முதலீடு" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் போட்டவர்கூட இதைவிட நன்றாகத் தூங்கியிருப்பார்.

ஆலிஸ் செங் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2002-இல் அவர் 4.15 கோடி ஹாங்காங் டாலர் கொடுத்து, எட்டுப் பீச் பழங்கள் வரைந்த, யோங்செங் பேரரசர் காலத்துப் பூஞ்சாடி ஒன்றை வாங்கினார். அதற்கு முன் அது ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில் மேசை விளக்குக்கு அடிப்பாகமாக நின்றுகொண்டிருந்தது. வாங்கியவர் அதை ஷாங்காய் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

சரி, நம் ஆறாயிரம் டாலருக்கு வருவோம்.

ஒரே கிண்ணம், பல பேரரசர்கள்

சிங் வம்ச அரண்மனைப் பீங்கானில் ஒரு வசதி உண்டு. சில வடிவங்களை மாற்றாமல் ஆட்சிக்கு ஆட்சி செய்துகொண்டே இருந்தார்கள். அவற்றில் ஒன்று டிராகன்–ஃபீனிக்ஸ் கிண்ணம். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வாய். வெளிப்பக்கம் இரண்டு டிராகன்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஐந்து நகங்கள். நெருப்பு சூழ்ந்த முத்தைத் துரத்துகின்றன. அவற்றுக்கு நடுவில் சிறகு விரித்த இரண்டு ஃபீனிக்ஸ் பறவைகள், இண்டு இடுக்கெல்லாம் பூவும் இலையும். விளிம்புக்குக் கீழே பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்கள் வரிசையாக ஓடும். உள்ளே நடுவட்டத்தில் ஒரு சிவப்பு டிராகன். காங்ஷி காலத்தில் (1662–1722) இந்த வடிவம் நிலைபெற்றது. யோங்செங், சியென்லுங், ஜியாசிங், தாவ்குவாங் என்று இறங்கிக் குவாங்ஷு வரை இதே கிண்ணம் வருகிறது.

அதனால் ஒப்பிட இதைவிட நல்ல பொருள் கிடையாது. படம் மாறவில்லை, மாறியது கை மட்டும்தான்.

காங்ஷி கிண்ணத்தில் டிராகனின் உடம்பு முறுக்கிக்கொண்டு பாயும், பிடரிமயிர் பின்னால் பறக்கும். செதில்களை ஒவ்வொன்றாகப் போட்டிருப்பார்கள், ஆனால் எண்ணிப் போட்டது போல் இருக்காது. பச்சை எனாமல் கண்ணாடி போல ஆழமாக இருக்கும். குவாங்ஷு கிண்ணத்துக்கு வந்தால், அதே டிராகன் ஸ்டூடியோவில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்திருக்கும். கண்கள் கொஞ்சம் உருண்டை, வால் கொஞ்சம் சோம்பேறி. நிறங்கள் பளிச்சென்று இருக்கும், ஆழம் குறைவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூச்சின் மேல் ஆரஞ்சுத் தோல் போன்ற மிக நுண்ணிய மேடு பள்ளம் தெரியும்.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் உண்டு. 1850-களில் சிங் அரசை எதிர்த்த தைப்பிங் கலகக்காரர்கள் ஜிங்டெசென்னைச் சூறையாடினார்கள். அரசச் சூளைகள் அழிந்தன, கைத்தொழில்காரர்கள் சிதறிப்போனார்கள். 1860-களின் நடுவில்தான் சூளைகளைத் திரும்பக் கட்டினார்கள். தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வரவேண்டிய வேலை இடையில் ஒரு பத்தாண்டுக்கு மேல் அறுந்துபோயிற்று. குவாங்ஷு காலத்தில் கை மெல்லத் திரும்பியது. பேரரசி சிஷியின் பிறந்தநாள்களுக்கும் அரண்மனைச் செலவுக்கும் ஆர்டர்கள் குவிந்தன. 34 ஆண்டு நீண்ட ஆட்சி என்பதால் சரக்கும் நிறைய. ஆகவே இன்றும் சந்தையில் கிடைக்கிறது.

விலை வித்தியாசம் எப்படி? காங்ஷி முத்திரையுள்ள நல்ல டிராகன்–ஃபீனிக்ஸ் கிண்ணம் பல பத்தாயிரம் டாலரில் தொடங்கும். தாவ்குவாங் (1821–1850) நடுவில் நிற்கும். குவாங்ஷு சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். அதே சூளை ஊர், அதே அரண்மனை ஒதுக்கீடு, அதே ஐந்து நக டிராகன்.

முத்திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் அதில்தான் ஏமாறுவார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் நீலத்தில் ஆறு எழுத்து இருக்கும்: வம்சம், ஆட்சியின் பெயர், "காலத்தில் செய்தது". காங்ஷி காலத்தில் பெரும்பாலும் சாதாரண எழுத்து, இரட்டை வட்டத்துக்குள். சியென்லுங், ஜியாசிங், தாவ்குவாங் காலங்களில் கட்டங்கட்டமான முத்திரை எழுத்துதான் அதிகம். ஷியென்ஃபெங் காலத்திலிருந்து (1851–1861) மறுபடி சாதாரண எழுத்து. ஆனால் முத்திரை இருந்தால் அந்தக் காலத்துப் பொருள் என்று அர்த்தமில்லை. காங்ஷி காலத்துக் குயவர்களே மரியாதைக்காகச் செங்குவா முத்திரை போட்டார்கள், குவாங்ஷு காலத்தில் காங்ஷி முத்திரை போட்டார்கள். இதில் பெரும்பாலும் மோசடி எண்ணம் இருந்ததில்லை, பழமைக்கு வைத்த வணக்கம் அது. மோசடி பின்னால் வந்தது.

ஏலக் குறிப்புகளை வாசிக்கும்போது இதனால்தான் ஒரு சொல்லை உற்றுப் பார்க்க வேண்டும். "மார்க் அண்ட் பீரியட்" என்று போட்டிருந்தால், முத்திரையும் அந்தக் காலத்தது, பொருளும் அந்தக் காலத்தது என்று ஏல நிறுவனம் பொறுப்பேற்கிறது. "குவாங்ஷு மார்க்" என்று மட்டும் இருந்தால் எழுத்து இருக்கிறது என்பதைத் தவிர வேறெதற்கும் அவர்கள் பொறுப்பில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது வகைக்கு ஆறாயிரம் டாலர் கொடுக்காதீர்கள்.

உடைந்த பெரிய பெயர்

இரண்டாவது வழி: அதே பணத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள், ஆனால் விரிசலோ, ஒட்டுப்போட்டதோ. இதுதான் எனக்கு மிகவும் ஆசை காட்டும் வழி. மயிரிழை விரிசல் ஒன்று போதும், விலை பாதிக்கும் கீழே விழும். விளிம்பில் சில்லு போய்த் தங்கநிறப் பூச்சால் மறைத்திருந்தால் இன்னும் கீழே. யோங்செங் காலத்துத் தூரிகையை, இத்தனை மெல்லிய இளஞ்சிவப்பை, கையில் எடுத்துப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் திரும்ப விற்க முடியாது. விற்றாலும் நீங்கள் வாங்கியதைவிடக் குறைவுக்குத்தான் போகும். சீன வாங்குபவர்கள் குறையை மன்னிப்பதில்லை, அதன் வேர் பழையது. மிங் காலத்தில் அரசச் சூளையில் குறையுள்ள பொருளை வெளியே விட மாட்டார்கள், உடைத்துப் புதைத்துவிடுவார்கள். பேரரசருக்குச் செய்தது வேறு யார் வீட்டிலும் இருக்கக்கூடாது. ஜிங்டெசென்னில் சூஷான் என்ற மேட்டுப் பகுதியில் 1980-களிலிருந்து தோண்டியபோது, ஷுவாண்டே, செங்குவா காலத்துக் கிண்ணங்கள் குவியல் குவியலாக உடைசல்களாகக் கிடைத்தன. அவற்றை ஒட்டவைத்துத்தான் வரலாற்று ஆசிரியர்கள் பல வடிவங்களையே தெரிந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட மரபில் விரிசல் விழுந்த கிண்ணத்துக்கு இடமே இல்லை.

ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிக்கச் சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று போதும். இருட்டில் அடித்தால் பிற்காலப் பசையும் பெயின்ட்டும் பல சமயம் வேறு நிறத்தில் ஒளிரும். நகத்தால் மெல்லத் தட்டினால் முழுக் கிண்ணம் கணீரென்று நிற்கும், விரிசலுள்ளது சத்தத்தை விழுங்கிவிடும். படிப்பதற்காக, விற்கும் எண்ணமே இல்லாமல் வாங்குபவருக்கு இந்த வழியைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறவருக்கு அல்ல.

கப்பல் சரக்கு

மூன்றாவது வழி அரசப் பீங்கானே அல்ல, ஆனால் பெரும்பாலும் அதே ஊர்ச் சூளையில் ஏற்றுமதிக்குச் செய்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் ஆர்டர் கொடுத்த தேநீர்க் கோப்பை, குலச்சின்னம் போட்ட தட்டு. பல சமயம் வெள்ளைத் தட்டைக் காண்டன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து அங்கேதான் வண்ணம் தீட்டினார்கள். அடியில் ஆட்சி முத்திரை இருக்காது. பேரரசர் இதைத் தொட்டதும் இல்லை.

இதில் ஒரு பிரிவு எனக்குப் பிடிக்கும்: மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் கப்பல் 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. அதிலிருந்து கிடைத்த சுமார் ஒன்றரை லட்சம் பீங்கான்களை 1986-இல் ஆம்ஸ்டர்டாம் கிறிஸ்டீஸ் விற்றது. 1822-இல் மூழ்கிய டெக் சிங் என்ற சீனக் கப்பலிலிருந்து மூன்றரை லட்சம் பீங்கான்கள், 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலம். இவற்றிலிருந்து ஒரு கோப்பையும் தட்டும் இன்றும் இருநூறு டாலருக்கு எடுக்கலாம். தேதியில் சந்தேகம் இல்லை, அடியில் ஏலச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டைப் பிய்த்துவிடாதீர்கள், பாதி விலை அதில்தான்.

ஆனால் ஒரு பெரிய குறை. உப்புநீர், பூச்சின் மேலே தீட்டிய எனாமலைத் தின்றுவிடும். உள்ளே இருக்கும் நீலம் மட்டும் தப்பிக்கும். அதனால்தான் கப்பல் சரக்கில் நீலம்–வெள்ளையே அதிகம். வண்ணம் தீட்டியது என்று நீங்கள் ஆசைப்பட்டதோ பல நேரம் நிழல் மாதிரி மங்கிப்போய்க் கிடக்கும்.

பேரரசர் போன பிறகு

1912-க்குப் பின்னும் ஜிங்டெசென் நிற்கவில்லை. 1915 இறுதியில் தன்னையே பேரரசராக அறிவித்துக்கொண்டு சில மாதங்களில் கவிழ்ந்த யுவான் ஷிகாய், குவோ பாவோசாங் என்பவரை மேற்பார்வையாளராக வைத்துப் பீங்கான் செய்வித்தார். பழைய ஃபாலாங்சாயைப் பார்த்துச் செய்த அந்தச் சரக்கில் சில, உண்மையிலேயே மயக்கும். அப்புறம் 1920, 30-களில் சூஷானின் எட்டு நண்பர்கள் என்று பெயர்பெற்ற ஓவியர்கள், காகிதத்தில் வரைவது போலப் பீங்கானில் மலையும் மூங்கிலும் மனிதர்களும் வரைந்தார்கள். முட்டை ஓடு போல மெல்லிய வெள்ளைக் கிண்ணம், அதன்மேல் பனி விழும் காட்சி!

கண்ணுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேட்டால் குவாங்ஷுவை விட்டுவிட்டு இதையே எடுப்பேன். ஆனால் போலிகள் இங்கேதான் அடர்த்தி. ஓவியர் பெயரையும் முத்திரையையும் போட்டுப் பின்னாளில் செய்தவை குவிந்து கிடக்கின்றன. பெரிய பெயருள்ள ஓவியரின் உண்மையான வேலை நம் பணத்துக்கு வராது, வருகிற விலையில் உண்மையானது எது என்று சொல்லும் ஆட்களும் குறைவு.

புதிதாக ஜிங்டெசென்னில் செய்து, புதிது என்றே சொல்லி விற்கும் நகல்களையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஓவியர்கள் திறமையானவர்கள். அதை வாங்கிச் சாப்பிடப் பயன்படுத்துங்கள்.

எங்கே இருக்கிறீர்கள் என்பதும் கணக்கு

சீனப் பெருநிலத்திலேயே போய் வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 1911-க்கு முற்பட்ட கலைப்பொருளை அங்கிருந்து வெளியே கொண்டுவரச் சட்டம் விடுவதில்லை. கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது பொருள் புதியது. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வாங்கினால் ஹாங்காங், லண்டன், பாரிஸ் ஏலங்களில், அந்த விதிகளுக்கு முன்பே சீனாவை விட்டு வெளிவந்ததற்கான ஆதாரத்தோடு வாங்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1972-இன் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. குவாங்ஷு கிண்ணமும் நூறைத் தாண்டிவிட்டது. லண்டனில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு ஹாங்காங்கில் விற்கலாம் என்ற நினைப்பை மறந்துவிட வேண்டியதுதான். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் தமிழருக்கு இந்தக் கட்டு இல்லை. விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பொருள் எந்த ஊரில் இருக்கப்போகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

வாங்கும் முன் கண்ணைப் பழக்க வேண்டும். லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் 95-ஆம் அறைக்குப் போங்கள். பெர்சிவல் டேவிட்டின் சேகரிப்பு, சுமார் 1,700 பீங்கான்கள், அடுக்கடுக்காக. 1892-இல் பம்பாயில் பிறந்தவர், பாக்தாதி யூதக் குடும்பம். அந்தக் காலத்தில் அரண்மனையிலிருந்து அடகுக்குப் போன பொருட்களைப் பெய்ஜிங் வரை போய்த் தேடி வாங்கியவர். ஒரே அறையில் செங்குவா, காங்ஷி, யோங்செங், சியென்லுங் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிடுவது எளிது. நாட்டுக்குள்ளேயே பார்ப்பதென்றால் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான் தொகுப்பு உண்டு. முத்திரையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் எடை, அடிவளையத்தின் வெட்டு, பூச்சு, எனாமல், தூரிகை என்று வாருங்கள்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். 2022-இல் பிரான்ஸின் ஃபோன்டன்புளோ ஏல இல்லம் நீலம்–வெள்ளைச் சீனப் பூஞ்சாடி ஒன்றை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று கருதி 2,000 யூரோ மதிப்பிட்டது. ஏலம் 77 லட்சம் யூரோவில் நின்றது. நிபுணர் ஒரு பக்கம், போட்டி போட்டவர்கள் ஒரு பக்கம். 2010-இல் லண்டன் புறநகர் ஏலம் ஒன்றில் சியென்லுங் பூஞ்சாடி 4.3 கோடி பவுண்டுக்கு அடித்தது, ஆனால் வாங்கியவர் பணம் கட்டவில்லை. இந்த உச்சத்து விளையாட்டுக்கும் நம் ஆறாயிரம் டாலருக்கும் சம்பந்தமில்லை. குவாங்ஷுவை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விலை நிதானமாக இருக்கும் இடத்தில் தவறின் விலையும் நிதானமாக இருக்கிறது. குவாங்ஷு முத்திரையிலும் இப்போது போலிகள் வருகின்றன, ஆனால் சியென்லுங் பெயரில் வருவதோடு ஒப்பிட முடியாது.

கடைசியாக, பணம். ஏலத்தில் சுத்தியல் விழும் விலைக்கு மேல் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே வாங்குபவர் கட்டணம் வரும். அதற்கு மேல் பார்சல், காப்பீடு, வரி. ஆறாயிரம் டாலர் என்றால் 4,300, 4,400 வரை கை தூக்குங்கள், அதற்கு மேல் போனால் உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு முன் ஏல நிறுவனத்திடம் நிலை அறிக்கை (பொருளில் விரிசல், ஒட்டு உண்டா என்று சொல்லும் தாள்) கேளுங்கள், அடிப்பக்கத்தின் பெரிய படம், விளிம்பு முழுவதும் சுற்றி எடுத்த படம், முந்தைய உரிமையாளர் பற்றிய தாள் ஏதாவது இருந்தால் அதன் நகல். இவை எல்லாம் இலவசம், கேட்டால் தருவார்கள். தரத் தயங்கினால் அடுத்த கிண்ணம் வரட்டும், குவாங்ஷு காலத்தில் நிறையவே செய்திருக்கிறார்கள்.